எல்லாம் ஒரே கிருமிதானா?

"அண்ணே, காய்ச்சல், உடம்பு வலி, தொண்டை வேற கரகரன்னு இருக்கு. ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க."

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு மருந்துக்கடை வாசலில் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்த வசனம் காதில் விழும். கடைக்காரரும் மறுப்பதில்லை. ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரை, வயிறு எரியாமல் இருக்க ஒன்று, அதோடு "இதையும் போடுங்க, சீக்கிரம் கேக்கும்" என்று ஒரு ஆன்டிபயாடிக். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டு, மேலே காலை, இரவு என்று கிறுக்கிக் கொடுத்துவிடுவார். டாக்டர் சீட்டா? அதை யார் கேட்டது!

வாங்குகிறவரும் விற்கிறவரும் அங்கே கேட்டுக்கொள்ளாத கேள்வி ஒன்று உண்டு. இந்தக் காய்ச்சலைக் கொண்டுவந்தது வைரஸா, பாக்டீரியாவா? கேட்டாலும் "எல்லாம் ஒரே கிருமிதானே" என்றுதான் பதில் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணை போட்டு எழுதி ஐந்து மார்க் வாங்கியவர்கள்கூட, தங்களுக்குச் சளி பிடித்தால் அந்த அட்டவணையை மறந்துவிட்டு அஸித்ரோமைசினைத் தேடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

இதில் மொழிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கிருமி என்ற சொல் வடமொழியில் புழுவைக் குறிப்பது. அது தமிழுக்கு வந்து, கண்ணுக்குத் தெரியாமல் நோய் தருகிற எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. காலராக் கிருமி, டெங்குக் கிருமி, காசநோய்க் கிருமி என்று ஒரே தட்டில் வைத்துப் பத்திரிகைகள் எழுதுகின்றன. ஆன்டிபயாடிக்கிற்குப் பாடநூல்கள் தரும் பெயர் 'நுண்ணுயிர் எதிர்ப்பி'. அதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? நுண்ணுயிர் எதுவாக இருந்தாலும் இது எதிர்த்துவிடும் என்றுதானே! பாக்டீரியாவை மட்டும் எதிர்க்கும் என்ற முக்கியமான செய்தி அந்தப் பெயரில் இல்லாமல் போய்விட்டது.

உண்மையில் இந்த இரண்டும் உறவுக்காரர்களே அல்ல. பாக்டீரியா ஒரு முழு உயிர். ஒரே ஒரு செல்தான், ஆனால் அந்தச் செல்லுக்குள் குடும்பம் நடத்தத் தேவையான எல்லாம் இருக்கிறது. சாப்பிடும், கழிவை வெளியேற்றும், தானாகவே இரண்டாகப் பிரியும். குடலில் வாழும் ஈ.கோலி என்ற பாக்டீரியாவுக்கு நல்ல தீனியும் இதமான சூடும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்த வேகம் தடைபடாமல் போனால், ராத்திரி பத்து மணிக்கு ஒன்றாக இருந்தது காலை ஆறு மணிக்கு 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டியிருக்கும். ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதும் பாக்டீரியாக்கள் செய்யும் வேலைதான். லியூகோநாஸ்டாக் என்று ஒரு வகை உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வந்து, மாவைப் புளிக்க வைத்து, அதில் வாயுவையும் கிளப்பிவிடுகிறது. தயிரும் அப்படியே. மனிதக் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களை எண்ணினால், அவை அந்த மனிதனின் சொந்தச் செல்களின் எண்ணிக்கைக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை கெடுதல் செய்வதில்லை.

வைரஸின் கதையே வேறு. அதற்குச் செல் கிடையாது. டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. என்ற ஒரு துண்டுச் செய்தி, அதைச் சுற்றி ஒரு புரத உறை, சிலவற்றுக்கு அதன்மேல் கொழுப்பாலான ஒரு போர்வை. அவ்வளவுதான் சொத்து. சாப்பிடாது, வளராது, தானாகப் பெருகாது. மேசைமேல் கிடக்கும் பென் டிரைவ் மாதிரி. கம்ப்யூட்டரில் செருகும்வரை அதனால் ஒன்றும் ஆகாது. செருகிவிட்டால், கம்ப்யூட்டரையே பிடித்துத் தன்னைப் பிரதி எடுக்க வைத்துவிடும். (கம்ப்யூட்டரைக் கெடுக்கும் புரோகிராமுக்கு வைரஸ் என்று பெயர் வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். யாரும் அதை பாக்டீரியா என்று சொல்வதில்லை!) அளவிலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஈ.கோலி பாக்டீரியாவை ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொண்டால், போலியோ வைரஸ் அந்த பஸ்ஸில் போகும் ஒருவர் கையில் இருக்கிற டிபன் பாக்ஸ்.

இந்த வித்தியாசம் தெரியாமல் விஞ்ஞானிகளே பல வருடம் தடுமாறியிருக்கிறார்கள். அந்தக் கதை பாடப்புத்தகத்தில் அதிகம் வருவதில்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஜெர்மனியில் ராபர்ட் காக் 1882-ல் காசநோய் பாக்டீரியாவைக் கண்டுபிடித்து அறிவித்த பிறகு, எந்த நோயானாலும் அதற்குக் காரணமான பாக்டீரியா எது என்று தேடுவதே வேலையாகிவிட்டது. அவருடைய வழியில் வந்த ரிச்சர்ட் ஃபைஃபர், 1892-ல் இன்ஃப்ளூயென்சா நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார். ஃப்ளூ காய்ச்சலுக்குக் காரணம் இதுதான் என்று அறிவித்துவிட்டார். அதே 1892-ல் ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி, புகையிலைச் செடியில் வரும் தேமல் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாக்டீரியாவே நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் நோயுற்ற இலைச் சாற்றை வடித்த பிறகும் அந்தச் சாறு நோயைப் பரப்பியது. 1898-ல் ஹாலந்தின் பைஜெரிங்க், இது பாக்டீரியா அல்ல, வேறு ஒன்று என்று துணிந்து சொன்னார். ஆனால் புகையிலைச் செடியின் நோய்க்கும் மனிதனின் காய்ச்சலுக்கும் அன்று யார் முடிச்சுப் போடப் போகிறார்கள்?

1918-ல் வந்தது அந்தக் கொடிய ஃப்ளூ. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். உலகம் முழுக்க டாக்டர்கள் ஃபைஃபரின் பாக்டீரியாவைத் தேடினார்கள். சில நோயாளிகளிடம் கிடைத்தது, பலரிடம் கிடைக்கவில்லை. அந்த பாக்டீரியாவை வைத்துத் தடுப்பூசிகூடச் செய்து போட்டுப் பார்த்தார்கள். ஃப்ளூவுக்கு அதனால் என்ன பயன் இருக்க முடியும்? உண்மையான குற்றவாளி ஒரு வைரஸ் என்பது 1933-ல்தான் லண்டனில் மூன்று ஆராய்ச்சியாளர்களால் நிரூபிக்கப்பட்டது.

இதற்கு நடுவில் ஒரு விசித்திரம். 1928-ல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பெனிசிலினைக் கண்டார் என்று எல்லோருக்கும் தெரியும். 1929-ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பெனிசிலினை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அந்தத் தலைப்பிலேயே சொல்லியிருக்கிறார்: ஃபைஃபரின் அந்த பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்தெடுப்பதற்கு! தொண்டையில் இருக்கும் மற்ற பல பாக்டீரியாக்களை பெனிசிலின் அடக்கிவிடும், இது மட்டும் தப்பிப் பிழைக்கும், ஆகவே சுலபமாகக் கண்டுபிடிக்கலாம் என்பது யோசனை. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய மருந்து, ஒரு தவறான முடிவுக்குத் துணைக்கருவியாகத்தான் முதலில் அறிமுகமானது. அந்த பாக்டீரியாவுக்கு இன்றைக்கும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயென்சா என்றுதான் பெயர். இன்ஃப்ளூயென்சாவை அது உண்டாக்குவதில்லை, ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதில் ஒரு வகை குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் தரக்கூடியது. 2011 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு அரசு போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் அதற்கும் மருந்து இருக்கிறது.

சரி, மருந்து விஷயத்துக்கு வரலாம். பாக்டீரியாவைச் சுற்றி ஒரு கெட்டியான சுவர் உண்டு, மனிதச் செல்லுக்கு அது கிடையாது. பெனிசிலினும் அமாக்சிசிலினும் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. சுவர் பலவீனமானதும் பாக்டீரியா வெடித்துச் சாகிறது. பாக்டீரியா தன் புரதங்களைத் தயாரிக்க ரைபோசோம் என்ற சின்னத் தொழிற்சாலையை வைத்திருக்கிறது. அஸித்ரோமைசின் அங்கே போய் வேலையை நிறுத்துகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் அதன் டி.என்.ஏ.வைப் பிரித்துச் சுருட்டும் நொதியைப் பிடிக்கிறது. மனிதனிடம் இல்லாததை, அல்லது இருந்தும் வேறு மாதிரி இருப்பதைப் பார்த்துத் தாக்குவதால்தான் இந்த மருந்துகள் பாக்டீரியாவைக் கொன்று மனிதனை விட்டுவிடுகின்றன.

வைரஸிடம் சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. அது பயன்படுத்துவது மனிதச் செல்லின் ரைபோசோமைத்தான். பூட்டே இல்லாத வீட்டுக்குச் சாவி எதற்கு? ஆன்டிபயாடிக் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, தாக்க ஒன்றும் கிடைக்காமல் வெளியே வருகிறது. சந்தேகம் இருப்பவர்கள் கொரோனா காலத்தை நினைத்துப் பார்க்கலாம். 2020, 2021-ல் எத்தனை வீடுகளில் அஸித்ரோமைசின் அட்டைகள் காலியாயின! பிரிட்டனில் 7,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2021-ல் வந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கொரோனா நோயாளிகளின் இறப்பை அஸித்ரோமைசின் குறைக்கவில்லை என்பதுதான் அந்த முடிவு.

"ஆனா எனக்குக் கேட்டுச்சே!" என்று பலர் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்புகிறார்கள். சளிக்காய்ச்சல் எப்படியும் மூன்று நான்கு நாளில் தணிந்து, ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். ஜனங்கள் முதல் நாளே மருந்துக்கடைக்குப் போவதில்லை. ஒரு நாள் கஷாயம், ஒரு நாள் ஆவி, மூன்றாம் நாள்தான் மாத்திரை. ஐந்தாம் நாள் எழுந்து உட்காரும்போது பாராட்டு மாத்திரைக்குப் போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பழம் விழுந்தது உண்மை, காக்கை உட்கார்ந்ததும் உண்மை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம், நாற்பது ஐம்பது ரூபாய்தானே என்று கேட்கலாம். வைரஸுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், உள்ளே போன மருந்து குடலில் இருக்கும் பாக்டீரியாக்களைக் கொல்கிறதே! சாதுவானவை செத்துப் போக, மருந்தைத் தாங்கும் சக்தி தற்செயலாகப் பெற்றிருந்த சில மட்டும் மிஞ்சுகின்றன. காலியான இடத்தில் அவை பெருகுகின்றன. பாக்டீரியாக்களிடம் இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. பரீட்சை ஹாலில் 'பிட்' அனுப்புவது போல, மருந்தை எதிர்க்கும் சூத்திரத்தைச் சின்ன டி.என்.ஏ. வளையமாக எழுதிப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்துவிடும். வேறு இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாவாக இருந்தாலும் கொடுக்கும். சளிக்காகச் சாப்பிட்ட மாத்திரையால் குடலில் உருவான 'பிட்', நாளைக்குச் சிறுநீரகத் தொற்றையோ ரத்தத் தொற்றையோ உண்டாக்கும் பாக்டீரியாவின் கையில் போய்ச் சேரலாம். அது அடுத்தவர் உடம்பில் இருக்கும் பாக்டீரியாவாகவும் இருக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையைத் தப்பாகச் சாப்பிட்டால் சாப்பிட்டவருக்கு மட்டும்தான் கேடு. ஆன்டிபயாடிக் அப்படியில்லை. ஒருவர் தப்பாகச் சாப்பிட்டது ஊருக்கே பலிக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த பயம் அல்ல. 1945-ல் நோபல் பரிசு வாங்கியபோதே ஃப்ளெமிங் தன் உரையில் எச்சரித்துவிட்டார். தொண்டை வலிக்காக ஒருவர் தானே பெனிசிலின் வாங்கி அரைகுறையாகப் போட்டுக்கொள்கிறார், அவருடைய தொண்டையில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா உருவாகிறது, அது மனைவிக்குத் தொற்றுகிறது, அவருக்கு மருந்து வேலை செய்யாமல் இறந்துபோகிறார் என்று ஒரு கற்பனைக் கதையைச் சொல்லியே எச்சரித்தார். 2010-ல் என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணுவைப் பற்றி ஒரு பெரிய ஆய்வுக் கட்டுரை வந்தது. சென்னையிலிருந்தும் ஹரியாணாவிலிருந்தும் எடுத்த மாதிரிகள் அதில் இருந்தன. கடைசிக் கட்டத்தில் மட்டும் கொடுக்கும் கார்பபெனெம் வகை மருந்துகளையே உடைத்துப்போடும் மரபணு அது. அப்போது நாட்டில் நடந்த சண்டை எதைப் பற்றி? பெயரில் புதுடெல்லி வந்துவிட்டது, நாட்டுக்கு அவமானம் என்று! பெயருக்குக் கொடுத்த கவனத்தில் பாதியை விஷயத்துக்குக் கொடுத்திருக்கலாம். 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்திருக்கலாம் என்று 2022-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சிசேரியன், எலும்பு அறுவை சிகிச்சை, புற்றுநோய் மருந்து என எல்லாமே பின்னால் ஒரு ஆன்டிபயாடிக் காவல் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நடக்கின்றன.

அதற்காக "எல்லாம் வைரல்தான், தானா சரியாயிடும்" என்று விட்டுவிடுவதும் அதே அளவு ஆபத்தானது. ஆன்டிபயாடிக்கைத் திட்டி எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மழைக்காலத்தில் பத்திரிகைகள் 'மர்மக் காய்ச்சல்' என்று எழுதுமே, அதில் ஒன்று உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைஃபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வருகிறது. தமிழ்நாட்டில், குறிப்பாக வேலூர்ப் பக்கம், நிறையக் காணப்படும் நோய் இது. தொடக்கத்தில் பார்த்தால் சாதாரண வைரல் காய்ச்சல் மாதிரியே இருக்கும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் அதுதான் துப்பு. ஆனால் எல்லோருக்கும் அது இருப்பதில்லை, இருந்தாலும் சட்டையைக் கழற்றிப் பார்க்கிற டாக்டர் வேண்டும்! இதை உண்டாக்குவது பாக்டீரியாதான், ஆனால் வைரஸ் மாதிரியே மனிதச் செல்லுக்குள் புகுந்துகொண்டால்தான் அதனால் வாழ முடியும். சுவரைத் தாக்கும் அமாக்சிசிலின் இதற்கு உதவாது. விலை குறைந்த டாக்சிசைக்ளின் கேட்கும், அஸித்ரோமைசினும் கேட்கும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவி உயிரை எடுக்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று, நாட்டின் பல மருத்துவமனைகளில் ஏறக்குறைய 800 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நோய் முற்றியவர்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பு வழியாக ஏற்றுவது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று அதில் தெரிந்தது. சளிக்கு வெட்டிக் கொடுக்கிறார்களே, அதே அஸித்ரோமைசின்தான்! ஒருவர் வீணாக முழுங்குவதுதான் இன்னொருவரின் உயிர்.

தொண்டை வலியும் அப்படியே. பெரும்பாலும் வைரஸ்தான். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் வந்த தொண்டைப் புண்ணைக் குழந்தைகளுக்குக் கவனிக்காமல் விட்டால், சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகள் கெட்டுப்போகும். ஃப்ளூவிலும் வைரஸ் கதவைத் திறந்துவிட, பின்னாலேயே பாக்டீரியா நுழைவது உண்டு. 1918-ல் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது, வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியா என்று, பாதுகாத்து வைத்திருந்த நுரையீரல் துண்டுகளை ஆராய்ந்து 2008-ல் சொன்னார்கள். காய்ச்சல் குறைந்து இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி ஏறினால், மூச்சு வாங்கினால், அது மருந்துக்கடையில் முடிகிற விஷயம் அல்ல.

வைரஸுக்கு மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பூட்டுக்கும் தனிச் சாவி செய்ய வேண்டியிருக்கிறது. அக்கிக்கு அசைக்ளோவிர், ஃப்ளூவுக்கு ஒசெல்டாமிவிர், எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து. எச்.ஐ.வி. மாத்திரைகளால் அந்த வைரஸை உடலிலிருந்து முழுசாக ஒழிக்க முடியவில்லை, அடக்கி வைக்கத்தான் முடிகிறது. அதற்கே வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். ஆனாலும் 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை வெளிப்படுத்தியபோது இருந்த நிலைமையோடு ஒப்பிட்டால், அது எவ்வளவோ பெரிய விஷயம்.

வைரஸுக்கு எதிரான பெரிய ஆயுதம் தடுப்பூசிதான். வைசூரி 1980-ல் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது, அதுவும் தடுப்பூசியால்தான். இந்தியாவில் இயற்கையில் பரவும் போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்ட குழந்தை 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். அம்மை வந்தால் வேப்பிலை கட்டி, நோயாளியைத் தனியாகப் படுக்க வைத்து, வெளி ஆட்களைச் சேர்க்காமல் இருக்கும் வழக்கத்தைச் சிலர் கிண்டல் செய்வார்கள். வேப்பிலை வைரஸைக் கொல்லாவிட்டாலும், தனியாக வைப்பது சரியான காரியம்தான். ஆனால் வைசூரியை ஓட்டியது வேப்பிலையும் இல்லை, தனி அறையும் இல்லை.

வைரஸையும் பாக்டீரியாவையும் குழப்பிக்கொண்டால் உயிரே போகும் இடம் ஒன்று உண்டு. நாய்க்கடி! நாய் கடித்ததும் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு டி.டி. ஊசி போட்டுக்கொண்டு, "ஊசி போட்டாச்சு" என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். டி.டி. என்பது டெட்டனஸ் பாக்டீரியாவின் விஷத்துக்கு எதிரானது. வெறிநோய் தருவது ரேபிஸ் வைரஸ். ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தொடக்கூடத் தொடாது. ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அந்த வைரஸ் நரம்பு வழியாக மெதுவாகத்தான் மூளைக்குப் போகிறது. அந்த இடைவெளிதான் மனிதனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினால் வைரஸின் கொழுப்புப் போர்வை கிழிந்து பெருமளவு அழிந்துவிடும். அதன் பிறகு ரேபிஸ் தடுப்பூசியைச் சொன்ன தேதிகளில் விடாமல் போட வேண்டும், காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும். 1907-லிருந்து குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் இருக்கிற மாநிலத்தில், ரேபிஸுக்கு டி.டி. போதும் என்று யாராவது இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால் அதைவிட வருத்தமானது வேறில்லை.

இப்படி எல்லாக் குற்றத்தையும் ஜனங்கள் தலையில் கட்டிவிடுவதும் நியாயமில்லை. தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. "ஓய்வெடுங்க, நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லும் டாக்டருக்கு ஃபீஸும் கொடுத்துவிட்டு, அவரால் எப்படிச் சும்மா வீட்டுக்குப் போக முடியும்? வைரஸா பாக்டீரியாவா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைகளுக்கு ஆகும் செலவு, மாத்திரையின் விலையைவிட அதிகம். டாக்டர் பக்கமும் சங்கடம் இருக்கிறது. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது, ஏன் ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று விளக்க ஐந்து நிமிடம் வேண்டும். எழுதிக் கொடுக்க அரை நிமிடம் போதும். எழுதாவிட்டால் அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுவார்கள். டைஃபாய்டுக்கு எடுக்கும் வைடால் சோதனையை ஒரே ஒரு முறை எடுத்து அதை நம்பி மருந்து கொடுப்பதும் இப்படித்தான் நடக்கிறது. அது தப்பாகக் காட்ட நிறைய வாய்ப்புண்டு என்பது எழுதிக் கொடுக்கும் டாக்டருக்கும் தெரியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்று ஒன்றை வெளியிட்டன. 2014 மார்ச்சிலிருந்து ஹெச்-1 என்ற பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள மருந்தை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்பதைத் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2019-ல் கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தார்கள். அட்டையின் பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது என்பதற்கான அடையாளம் அது. அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது அந்தக் கோடும் சேர்ந்துதான் வெட்டுப்படுகிறது! கேரளத்தில் 2024-ல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று பெயர் வைத்து, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைத் தேடிப் போய்ச் சோதனை நடத்தினார்கள். தமிழ்நாட்டிலும் அந்த வேகம் வேண்டும். அதோடு ஆரம்ப சுகாதார நிலையங்களில் உண்ணிக் காய்ச்சல், டெங்கு, தொண்டைத் தொற்று ஆகியவற்றுக்கான துரிதப் பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். கடையை மட்டும் மூடிவிட்டு, பக்கத்தில் டாக்டரே இல்லாத கிராமத்தில் இருப்பவரை நடுத்தெருவில் நிறுத்துவதில் அர்த்தமில்லை.

சில டாக்டர்கள் இப்போது சீட்டிலேயே 'வைரல் காய்ச்சல், ஆன்டிபயாடிக் தேவையில்லை' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். நல்ல பழக்கம். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நேரே மருந்துக்கடைக்குப் போய், "அண்ணே, டாக்டர் வெறும் காய்ச்சல் மாத்திரை மட்டும்தான் எழுதியிருக்காரு. நல்லதா ஒண்ணு சேர்த்துக் குடுங்க" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.